முன்னால் நின்ற முதுகு

1. வேலை

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போனதும், மீன் பிடிக்கக் கூட்டிப்போகும் வழிகாட்டி வேலைக்கு வந்தேன். மொன்றியலில் ஒரு தமிழன் செய்கிற வேலையா இது என்று சொந்தக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் பிறகு என்னிடமே வந்தார்கள்.

லாசால் பக்கம் ஆறு பாறைகளில் இடித்து வெளுத்துப் பாயும். அங்கே ட்ரவுட் மீன் பிடிக்க நான் பாவிப்பது பதின்மூன்று அடி நீளத் தூண்டில். இரண்டு கையாலும் பிடித்து எறிய வேண்டும். இறகு கட்டிய ஃப்ளை என்கிற பொய்ப்பூச்சியை ஆற்றுக்குக் குறுக்கே எறிந்தால், நீரோட்டம் லைன் என்கிற தூண்டில் கயிற்றை வளைத்துக் கீழ்ப்பக்கமாகக் கொண்டுபோகும். இதற்கு ஸ்விங் என்று பெயர். அது முடிந்ததும் இரண்டு எட்டு கீழே இறங்கி மறுபடி எறிவோம். இப்படியே ஆற்றோடு நடப்பதுதான் வேலை.

இதில் ஒரு மரியாதை உண்டு. ஏற்கெனவே தண்ணீரில் நிற்பவருக்கு முன்னால் போய் இறங்கக் கூடாது. அவருக்குப் பின்னால் இறங்கி, அவர் நகர நகர நாமும் நகர வேண்டும். அதனால் புதிதாக வருபவர்கள் தங்கள் காலைப் பார்ப்பதில்லை. அவர் நின்ற இடத்தில் நாமும் நிற்கலாம் என்று முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தே நடப்பார்கள். நானும் அதைப் பிழை என்று அப்போது நினைக்கவில்லை.

2. சிவம்

என்னிடம் மீன் பிடிக்க வந்தவர்களில் ஒருவரான சிவத்துக்கு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை. வாய் ஓயாத மனிதர். ஸ்கொட்லாந்திலிருந்து வரவழைத்த புது லைனைப் பற்றிக் காரில் ஏறியது முதல் பேசிக்கொண்டே வந்தார். எனக்குக் காது புளித்துவிட்டது.

இலையுதிர்காலக் கடைசி. நன்றாக விடிந்த பிறகும் மூடுபனி கலையவில்லை. நான் முன்னால் இறங்கி இரண்டு முறை எறிந்து காட்டினேன். சிவம் எனக்குப் பின்னால் இறங்கினார். என் லைன் முனையில் சிக்கு விழுந்தது. கரையேறி அவிழ்க்க உட்கார்ந்தேன்.

"சிவம், அந்தத் தட்டைப் பாறையோடை நிண்டுகொள்ளுங்கோ. அங்காலை போகாதேங்கோ" என்று கத்தினேன். ஆற்றின் இரைச்சலில் அது அவருக்குக் கேட்கவில்லை.

சிக்கை அவிழ்த்துத் தலையை நிமிர்த்தினேன். சிவம் பாறையைத் தாண்டிவிட்டார். தண்ணீர் நெஞ்சு வரை வந்திருந்தது. மனிதர் நிதானமாக இன்னொரு எட்டு வைத்தார்.

தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடினேன். அவருடைய றப்பர்க் காற்சட்டையின் தோள்வாரைப் பிடித்து இழுத்தேன். திரும்பி என்னைப் பார்த்தவரின் முகத்தில் இரத்தமே இல்லை.

"அண்ணை... நீங்கள் முன்னாலையெல்லோ நிண்டனீங்கள்?"

"நான் கரையிலை இருந்தனான் ஐசே."

"அப்ப அது ஆர்?"

பார்த்தேன். பனிக்குள் ஒரு முதுகு. இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் எறிந்தது. சற்று நின்றது. இரண்டு எட்டு இறங்கியது. மறுபடி எறிந்தது.

தண்ணீர் வற்றியிருந்த ஒரு கோடையில் அந்த இடத்தில் என் தூண்டிலைத் தலைகீழாக விட்டு ஆழம் பார்த்திருக்கிறேன். பதின்மூன்று அடியும் உள்ளே போயும் அடி தட்டவில்லை. அங்கே இடுப்பளவில் நிற்க எவராலும் முடியாது.

தமிழில் கூப்பிட்டேன். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கூப்பிட்டேன். அது திரும்பவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. சிவத்தை இழுத்துக்கொண்டு கரையேறினேன்.

அவர் தூண்டிலை விட்டிருக்கவில்லை. லைன் இன்னும் தண்ணீரில்தான் கிடந்தது. திடீரென்று அது இறுகியது. மீன் என்றால் தலையை உதறும், கல் என்றால் அசையாது. இது இரண்டுமில்லை. லைன் சுற்றிய ரீல் இரண்டு தரம் டிக், டிக் என்றது. நின்றது. பிறகு மறுபடி இரண்டு தரம். இரண்டு எட்டு வைத்து நின்ற அதே நிதானத்தோடு, பனிக்குள் இருந்த அந்த முதுகின் பக்கமாக லைன் போய்க்கொண்டிருந்தது.

"வெட்டுங்கோ அண்ணை" என்றார் சிவம்.

"உங்கடை புது லைன்..."

"உங்களைக் கும்பிட்டன், வெட்டுங்கோ!"

வெட்டினேன். அறுந்த நுனி புல்லின் மேல் ஊர்ந்து தண்ணீருக்குள் போனது.

மனிதனாக இருந்தால் மூழ்கிவிடுவானே என்று அவசர உதவிக்கு அழைத்தேன். படகு வந்து நெடுநேரம் தேடியது. பனி விலகியபோது ஆற்றில் எவருமில்லை. வாகனத் தரிப்பிடத்தில் எங்களுடைய காரைத் தவிர வேறு கார் இல்லை. யாரும் காணாமல் போனதாக முறைப்பாடும் வரவில்லை என்றார்கள். பிறகு சிவம் மீன் பிடிக்கவே வரவில்லை. சந்தையில் கண்டால் ஒரு பை நிறையக் கத்தரிக்காய் தருவார், அந்தக் கதையை மட்டும் எடுக்க மாட்டார்.

3. பேச்சு

வேலையை விட்டுவிடுவோமா என்று யோசித்தேன். ஆனால் நான் போகாவிட்டாலும் ஆட்கள் அங்கே போகத்தான் போகிறார்கள். ஆகவே முறையை மாற்றினேன். இப்போது வழி நெடுக நான்தான் முன்னால், நான் கூட்டிவந்தவர் பின்னால். இடையில் சிக்கு விழுந்தால் இருவருமாகக் கரையேறுவோம். பனி நாளில் அவரை என் குரல் கேட்கும் தூரத்தில் வைத்துக்கொண்டு ஓயாமல் பேசுவேன். நான் அதிகம் பேசுகிற ஆளில்லை. ஆனால் அந்த முதுகு எங்களுக்குப் பதில் சொல்லவில்லை. அதற்கும் மனிதனுக்கும் நான் கண்ட வித்தியாசம் அது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு பிள்ளை வந்தாள். இங்கே பிறந்து வளர்ந்தவள், எஞ்சினியர். பாறைக்குக் கிட்ட வந்ததும் பனி அடர்த்தியாக இறங்கியது.

"அங்கிள், ஏன் நிப்பாட்டாமல் கதைக்கிறீங்கள்? மீன் ஓடிடும்."

"முன்னாலை நிக்கிறது நான்தான் எண்டு உமக்குத் தெரியவேணும் பிள்ளை."

அவள் சிரித்தாள். "வேறை ஆர் நிக்கப்போகினம்?"

எனக்கு முன்னால் இருந்த பனியை நான் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்துக்கொண்டு, "காலமை என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டேன்.

"தோசை" என்றாள், பின்னாலிருந்து.

அந்தக் குரல் காதில் விழுந்த பிறகுதான் நான் திரும்பி, "போதும், கரையேறுவம்" என்றேன்.