சுருதி ஏறிய ஆறு கிட்டார்கள்

அந்த இசைக்கருவிக் கடையில் அவளைத் தட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் எது கிடைத்தாலும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். புதிதாக வந்த கூரியர்காரர் ஒருவர், "இங்க தட்டு விக்கிற அக்கா யாருங்க? பார்சல் வந்திருக்கு" என்று கேட்டுவிட, கடையே அரை நாள் சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

பழைய வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. பதினாறு வருஷம் ஒரு ப்ளைவுட் கிடங்கில் இருந்தாள். பலகைக்குள் பசை விட்டுப்போயிருக்கிறதா, ஈரம் ஏறியிருக்கிறதா என்று தட்டியே சொல்லிவிடுவாள். கிடங்கை மூடினபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்லாவில் உட்காரும் வேலையாவது கிடைக்குமா என்று கேட்கத்தான் இந்தக் கடைப் படியேறினாள். முதலாளி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் கை சும்மா இருக்குமா? சுவரில் தொங்கிய கிட்டார் ஒன்றைத் தட்டினாள். பக்கத்தில் இருந்ததையும் தட்டினாள். மறுபடி முதலாவதற்கே வந்தாள்.

"சார், இதுக்குள்ள ஏதோ ஒட்டு விட்டிருக்கு."

முதலாளிக்கு எரிச்சல். ஆனாலும் டார்ச்சை எடுத்து, சின்னக் கண்ணாடியைத் துளைக்குள் விட்டுப் பார்த்தார். மேல்பலகையைத் தாங்குவதற்காக உள்ளே ஒட்டியிருந்த சட்டங்களில் ஒன்று பாதி பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாளே அவளை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

கடையின் மாடி முழுக்கக் கிட்டார்கள். பெரிய கம்பெனிச் சரக்கு ஒன்றுகூடக் கிடையாது. வீட்டுக் கொட்டகையிலும் கார் நிறுத்துகிற இடத்திலும் தனி ஆளாக உட்கார்ந்து செய்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்டுவந்து தருபவை. மாதச் சம்பளக்காரர் யோசித்து யோசித்து வாங்கிவிடக்கூடிய விலை. அதில் எது அந்த விலைக்குத் தகும், எது தகாது என்று பார்த்துச் சீட்டுக் கட்டுவது அவள் வேலை. பச்சைச் சீட்டு என்றால் தாராளமாக வாங்கலாம். மஞ்சள் என்றால் ஒரு குறை உண்டு, அது சீட்டிலேயே எழுதியிருக்கும், விலையும் அதற்கேற்பக் குறையும். சிவப்பு என்றால் செய்தவர் வீட்டுக்கே திரும்பிப் போகும்.

பளபளப்புக்கு அவள் மயங்க மாட்டாள். முதலில் கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்து, கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். உள்ளங்கையைக் கழுத்தின் ஓரமாக மேலிருந்து கீழே இழுப்பாள். குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்று எதுவாவது தோலைக் கீறினால் அங்கேயே நின்றுவிடுவாள். துளையின் விளிம்பை நகத்தால் தடவுவாள். மேலே தெரிகிற மரக்கோடு விளிம்பிலும் இறங்கி ஓடினால் முழு மரம். கோடு அறுந்து அடுக்கடுக்காகத் தெரிந்தால் ப்ளை. "ப்ளைன்னா பாவம் இல்ல. ப்ளைய முழு மரம்னு சொல்லி விக்கிறதுதான் பாவம்" என்பாள். கடைசியாக, சுருதி காட்டும் சின்ன ட்யூனரைக் கிட்டாரின் தலைப்பக்கம் மாட்டி, ஒவ்வொரு கம்பியையும் வெறுமனே ஒரு தடவை, பாதிக் கம்பியில் அழுத்தி ஒரு தடவை மீட்டுவாள். இரண்டு தடவையும் ட்யூனர் ஒரே சுரத்தைக் காட்ட வேண்டும்.

அந்தக் கடைசிச் சோதனையில் அவளை யாராலும் அசைக்க முடியாது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. இருபது வயதில், முதல் சம்பளத்தில், சந்தையில் ஒரு கிட்டார் வாங்கினாள். கம்பிகள் கழுத்துக்கு மேலே துணிக்கொடி மாதிரி உயரமாய் நின்றன. அழுத்தி அழுத்தி விரல் நுனியெல்லாம் வெடித்தது. எவ்வளவு அழுத்தினாலும் பாட்டு மட்டும் கோணலாகவே வந்தது. எதிர்வீட்டுக்காரர், "உன் கை இதுக்கு லாயக்கில்லம்மா" என்று சொல்லிவிட்டார். அவளும் நம்பிவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் நம்பினாள். கடையில் சேர்ந்த முதல் வாரம், ஒரு நல்ல கிட்டாரின் கம்பியை அழுத்தினபோது, பூவைத் தொட்ட மாதிரி விரல் இறங்கியது. சத்தம் தெளிவாக எழுந்தது. அவள் அதைக் கீழே வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடின பிறகுதான் அவளுடைய கொழுந்தன் ஆறு கிட்டார்களோடு வந்து நின்றான்.

கொழுந்தன் அலமாரி செய்யும் தொழிற்சாலையில் இருந்தவன். அண்ணி வேலை செய்யும் கடையைப் பார்த்துப் பார்த்து ஆசை பிறந்து, வேலையை விட்டுவிட்டு ஒன்பது மாதமாகக் கொட்டகையே கதியென்று கிடந்தான். வாடகை வண்டியில் போர்வை சுற்றிக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றாகப் பிரித்தபோது மாடியில் இருந்த எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இணைப்புகளில் ஊசி நுழைய இடமில்லை. பாலிஷில் முகம் பார்க்கலாம். துளையைச் சுற்றிப் பதித்திருந்த வளையத்தை ஒரு மாதம் உட்கார்ந்து செதுக்கினானாம்.

"அண்ணி, நல்லாப் பாருங்க. சொந்தக்காரன்னு விட்டுடாதீங்க" என்றான், ஆறும் பச்சைதான் என்ற தெம்பில்.

அவள் பார்த்தாள். கழுத்து நேர். கீற்றுகள் வழவழப்பு. தட்டினால் மரம் பதில் சொன்னது. அவளுக்கே பெருமையாக இருந்தது. கடைசியாக ட்யூனரை மாட்டினாள். வெறுங்கம்பி சரி. பாதியில் அழுத்தி மீட்டினால் சுருதி ஏறி நின்றது. அடுத்த கம்பியும் அப்படியே. அடுத்த கிட்டாரும் அப்படியே. ஆறு கிட்டாரும் ஒரே மாதிரி, சொல்லிவைத்தாற்போல் ஏறின.

"தம்பி, சுருதி நிக்கலையேப்பா. பிரிட்ஜ் இடம் மாறி ஒட்டியிருக்கு."

அவன் முகம் சுருங்கிவிட்டது. எஃகு அளவுகோலை எடுத்தான். கழுத்தின் உச்சியிலிருந்து நடுக் கீற்று வரை அளந்தான். அங்கிருந்து, கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜ் வரை அளந்தான். இரண்டும் அச்சு அசலாக ஒரே அளவு.

"நடுன்னா நடு. மயிரிழை தப்பு இருந்தா காட்டுங்க அண்ணி."

அவளுக்குக் காட்டத் தெரியவில்லை. அளவு சரியாகத்தான் இருந்தது. "அளவு சரிதான். காதுக்குச் சரியா இல்லையே" என்று மட்டும் சொன்னாள்.

"உங்களுக்கு ஒரு பாட்டாவது வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது தம்பி" என்றாள் அவள்.

முதலாளி அவளைத் தனியே கூப்பிட்டார். "ஏம்மா, வீட்டுக்குள்ள எதுக்கு வம்பு? மரம் நல்லா இருக்கு, பார்வைக்குக் கண்ணப் பறிக்குது. புதுசா கத்துக்க வர்றவங்களுக்கு இந்தச் சுருதியெல்லாம் தெரியவா போகுது?"

"தெரியாது சார். அதனாலதான் சொல்றேன். தெரிஞ்சவன்னா கிட்டாரைத் திட்டிட்டுத் திருப்பிக் குடுத்துடுவான். தெரியாதவன் தன் கை சரியில்லன்னு நெனச்சு விட்டுடுவான்."

முதலாளி சிவப்புச் சீட்டுகளை எடுத்து அவளிடம் நீட்டினார். ஆறிலும் சிவப்புச் சீட்டு கட்டினாள். கொழுந்தன் சீட்டோடு சேர்த்தே போர்வையைச் சுற்றிக்கொண்டு போனான்.

செய்தி அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. ஓரகத்தி போன் பண்ணுவதை நிறுத்தினாள். தட்டக்காவின் கணவர் பஸ் டிரைவர். மூன்றாம் நாள் காலையில் சொன்னார்: "அவன் என் தம்பி. நீ என் பொண்டாட்டி. நான் யார் பக்கம் பேசுறது சொல்லு? நான் பாட்டுக்கு வண்டி எடுக்கப் போறேன்." போனவர் வாசலில் நின்று திரும்பினார். "ஆனா ஒண்ணு. பிரேக் சரியில்லன்னா வண்டிய எடுக்க மாட்டேன். அது யார் வண்டியா இருந்தாலும்." அவளுக்கு அது போதுமாக இருந்தது. இருந்தாலும் அளவு சரியாக இருந்து சுருதி எப்படிக் கெட்டது என்ற கேள்வி மட்டும், பல்லிடுக்கில் சிக்கின நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்று வாரம் கழித்து, கடை திறக்கும் நேரத்துக்குக் கொழுந்தன் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. கையில் அதே அளவுகோல். முதலாளியிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மாடிக்கு ஏறி, பச்சைச் சீட்டுக் கட்டியிருந்த கிட்டார்களை இறக்கி இறக்கி அளந்தான். ஏழாவதை அளந்து முடித்ததும் நிமிர்ந்தான்.

"அண்ணி, இவங்க எல்லாருமே தப்பா வச்சிருக்காங்க!"

"என்னப்பா சொல்றே?"

"நடுவுல இல்ல. ஏழுலயும் பிரிட்ஜ் பக்கம் ரெண்டு மூணு மில்லிமீட்டர் அதிகமா இருக்கு. அதுவும் நேரா இல்ல, தடிக்கம்பி பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி, சாய்வா இருக்கு. ஏழு பேரும் ஒரே மாதிரியா தப்புப் பண்ணுவாங்க?"

சொல்லிக்கொண்டே ஒரு கம்பியை அழுத்தினான். விட்டான். மறுபடி அழுத்தினான். இந்தத் தடவை கண்ணைக் கம்பிக்குச் சமமாகத் தாழ்த்திப் பார்த்தான். அவளும் பக்கத்தில் குனிந்தாள். விரல் இறங்கும்போது கம்பியும் கீழே வளைந்து இறங்குவது தெரிந்தது.

"இழுபடுது" என்றான் மெதுவாக. "அழுத்தும்போது கம்பி இழுபடுது அண்ணி. இழுபட்டா சுருதி ஏறத்தானே செய்யும்! கம்பி கொஞ்சம் நீண்டா சுருதி எறங்கும், அந்த ஏத்தத்துக்கு அது ஈடாகும்னுதான் பிரிட்ஜைப் பின்னால தள்ளி வச்சிருக்காங்க. நான் கணக்குப்படி வச்சேன். அலமாரிக்குச் சரி, இதுக்குச் சரியில்ல."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தான். அவளுக்கும் அப்போதுதான் அந்த நார் வெளியே வந்தது. இரண்டு பேரும் சற்று நேரம் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள்.

"அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தான்.

"அத விடு. பிரிட்ஜை எப்படிப் பெயர்க்கப் போறே? மேல்பலகை கிழிஞ்சுடாதா?"

முதல் கிட்டாரில் கிழிந்தேதான் போனது. இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, மெல்லிய கத்தியை விட்டு நெம்பினபோது பிரிட்ஜோடு மரமும் ஒரு சில்லு வந்துவிட்டது. அந்த ஒன்றைப் பார்த்து மனசு வெறுத்துப்போனாலும் மற்ற ஐந்தையும் அவன் கைவிடவில்லை. சூட்டைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் அரை நாள் செலவழித்து, பொறுமையாகப் பெயர்த்து மூன்று மில்லிமீட்டர் தள்ளி, அதே சாய்வில் ஒட்டினான். ஐந்தும் பிழைத்தன. பிரிட்ஜ் முன்பு இருந்த இடத்தில் மட்டும், பாலிஷ் ஏறாத மரம் வெளிர்க்கோடாகத் தெரிந்தது.

"சாயம் பூசி மறைச்சுடவா?" என்று கேட்டான்.

"வேணாம். எழுதிடலாம்."

ஐந்தையும் ட்யூனர் வைத்துப் பார்த்தாள். முள் நட்டநடுவில் நின்றது. மஞ்சள் சீட்டுக் கட்டி, தன் குண்டுக் கையெழுத்தில் எழுதினாள்: 'பிரிட்ஜ் ஒருமுறை பெயர்த்து ஒட்டியது. முன்னால் கோடு தெரியும். முழு மரம். சுருதி சுத்தம்.'

"குறையை இப்படிக் கொட்டை எழுத்துல போட்டா எவன் வாங்குவான்?" என்று முதலாளி முணுமுணுத்தார்.

முதல் வாரமே ஒரு நர்ஸம்மா வந்தார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதாம். அதற்குள் கற்றுக்கொண்டுவிட வேண்டுமாம். சீட்டை மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார்.

"இந்தக் கோடு பாட்டுல கேக்குமா?"

"கேக்காதுங்க."

"அப்புறம் எனக்கென்ன? எடுத்து வைங்க. குறையச் சொல்லி விக்கிற கடைய இப்பத்தான் பாக்குறேன்." இரண்டு வாரத்தில் அவரே தன் வார்டிலிருந்து இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாத முடிவில் ஐந்தும் போய்விட்டன. ஓரகத்தி போன் பண்ணி, ஒன்றுமே நடக்காத மாதிரி முக்கால் மணி நேரம் பேசினாள்.

அடுத்த ஐந்து மாதத்தில் கொழுந்தன் எட்டுக் கிட்டார்கள் செய்தான். கொண்டுவந்த அன்று மாடியில் நிற்க முடியாமல், பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கிறவன் மாதிரி படிக்கட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவள் காலை முழுக்கப் பார்த்தாள். ஒவ்வொன்று முடிந்ததும் மேலேயிருந்து, "பச்சை!" என்று குரல் கொடுத்தாள். ஏழு தடவை குரல் வந்தது. எட்டாவதற்கு வரவில்லை.

அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

"என்ன அண்ணி?"

அவள் உள்ளங்கையைக் காட்டினாள். சிவப்பாக ஒரு சின்னக் கீறல். "ஒன்பதாவது கீத்து. முனை துருத்திட்டு இருக்கு."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி அரத்தை எடுத்தான்.

"அடப்பாவி, கையோட கொண்டாந்திருக்கியா?"

"உங்களத் தெரியாதா? எப்படியும் ஒண்ணு கண்டுபிடிப்பீங்கன்னு கொண்டாந்தேன்."

ஜன்னலோரம் உட்கார்ந்து நான்கு இழுப்பு இழுத்தான். அவள் மறுபடி உள்ளங்கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, பச்சைச் சீட்டை அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் கட்டினான்.

"சனிக்கிழமை கொட்டகைப் பக்கம் வர்றீங்களா? அடுத்த மேல்பலகையெல்லாம் ஒட்டறதுக்கு முன்னாலயே நீங்க ஒரு தட்டு தட்டிட்டா நல்லது."

"எத்தனை பலகை?"

"பன்னிரண்டு."

"மத்தியானச் சாப்பாடு உன் வீட்டுல, சொல்லிட்டேன்" என்றபடி, அவள் எட்டுக் கிட்டார்களையும் சுவரில் மாட்ட ஆணி தேடிப் போனாள்.