திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்த ஸ்பீக்கர்

கிள்ளானில் ஓடும் லோரிகளில் பாதிக்கு வயரிங் செய்தவன் நான். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. இன்று சொந்தப் பட்டறை, நாலு பேருக்குச் சம்பளம். இதை நான் பேசாத கல்யாண வீடு கிடையாது.

அப்படி ஒரு கல்யாணத்தில் கேட்டுவிட்டுத்தான் பங்சார் பக்கத்துப் பல் டாக்டர் ஒருவர் தன் பாய்மரப் படகுக்கு என்னைக் கூப்பிட்டார். மனைவியோடு லங்காவித் தீவு வரை போக ஆசையாம். ஆழம் காட்டும் கருவி, ரேடியோ, தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட், எல்லாம் என் தேர்வு. அவர் கேட்காமலேயே, லோரிக்காரர்கள் விரும்பும் பெரிய ஸ்பீக்கர் ஒன்றையும் வாங்க வைத்தேன்.

என்னோடு வந்தவர் வேலை பெர்மிட்டில் என் பட்டறையில் இருக்கும் தஞ்சாவூர்க்காரர், நாற்பது தாண்டியவர். கருவிகளோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அவரால்தான் படிக்க முடியும்.

“அண்ணே, ஆட்டோபைலட்டோட திசைகாட்டிப் பெட்டிகிட்ட ஸ்பீக்கர் கூடாதாம். உள்ள காந்தம் இருக்குல்ல, ஒரு மீட்டராவது தள்ளணும்னு போட்டிருக்கு.”

“நீ எத்தன ஸ்பீக்கர் மாட்டிருக்க? புக்க மூடு லா.”

படகில் உட்காரும் பெஞ்சின் முன்பலகையில், உள்ளே இருந்த அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நானே முடுக்கினேன். அங்கேதான் பார்க்க எடுப்பாக இருந்தது.

ஞாயிறு காலை மூவரும் படகில் போய்ப் பார்த்தோம். டாக்டர் ஆட்டோபைலட்டை அழுத்தியதும் படகு நேராகப் போகாமல் வளைந்து, மீனவர்கள் நட்டிருந்த கம்புகளை நோக்கிப் பாய்ந்தது. டாக்டர் தாவிச் சுக்கானைப் பிடித்ததால் தப்பினோம். பிறகு பெஞ்சைத் திறந்து, திசைகாட்டிப் பெட்டியை ஒட்டி ஸ்பீக்கர் இருப்பதைப் பார்த்தார்.

“யாரு இத இங்க வச்சது?”

“இவன்தான் டாக்டர். சொன்னா கேக்கவே மாட்டான்,” என்றேன்.

தஞ்சாவூர்க்காரர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அந்த மாதம் அவர் பெர்மிட்டைப் புதுப்பிக்க நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். அது தெரிந்துதான் சொன்னேன்.

“இனிமே இந்த ஆளு என் போட்ல கால் வைக்கக்கூடாது,” என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் சரிசெய்யப் போனபோது புத்தகம் படிக்க வேறு ஆள் இல்லை. அவரையே கூட்டிப்போய்ப் படகுத்துறைப் பலகையில், வெயிலில் உட்கார வைத்தேன். அவர் படித்து உரக்கத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் பெஞ்சுக்குள் தலையை விட்டு ஒயரைப் பூட்டினேன். அவர் குரலில் ஒரு குத்தல்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டர், “இவ்ளோ தெளிவா படிக்கிறாரே, அன்னிக்கு எப்படிண்ணே தப்பா வச்சாரு?” என்றார்.

“அவர் வைக்கல. நான்தான்,” என்றேன், பெஞ்சுக்குள் இருந்தபடியே.

“என்ன? கேக்கல.”

வெளியே வந்து நிமிர வேண்டியதாயிற்று. “நான்தான் வச்சேன் டாக்டர். வேணாம்னு அவரு படிச்சே சொன்னாரு. நான் புக்க மூடச் சொல்லிட்டு, பழிய அவரு மேல போட்டேன்.”

டாக்டர் துறைப் பக்கம் திரும்பி, “ஏறி வாங்க தம்பி. வெயில்ல உக்காராதீங்க,” என்றார்.

தஞ்சாவூர்க்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.