கால்வாய்க்குக் கிழக்கே

முனிநஞ்சப்பாவுக்குத் தான் பெங்களூர்க்காரர் என்று நினைப்பு. கல்லுகட்டெஹள்ளி கிராமப் பஞ்சாயத்துக்கு வரி கட்டிக்கொண்டே, "நம்ம சிட்டியில" என்றுதான் எதையும் ஆரம்பிப்பார். இரண்டு முறை பஞ்சாயத்து உறுப்பினர். அந்தப் பத்து வருடத்தில் அவர் ஊருக்குச் செய்த ஒரே காரியம், அதை மாநகராட்சியோடு சேர்க்கச் சொல்லி மனு எழுதியது. ஊரையே பிடிக்காதவரை இரண்டு தடவை தேர்ந்தெடுத்தவர்கள் நாங்கள். எங்களுக்கும் பேச வாயில்லை.

எல்லையைச் சொல்ல சர்வே எண் போட்டிருக்கலாம். எங்கள் பக்கத்தில் அந்த வழக்கமில்லை. ஏரிக்கரை, அரசமரம், கால்வாய் என்றுதான் சொல்வோம். அவரும் 'ராஜகாலுவேக்குக் கிழக்கே உள்ள வீடுகள் அனைத்தும்' என்று எழுதினார். ஏரிக்கு மழைநீர் போகிற அந்தப் பழைய கால்வாய் அப்போது அவர் கொல்லைக்கு மேற்கே ஓடியது. அதற்கு அந்தப் பக்கம் கல் உடைப்பவர்களின் தெரு. அதை வேண்டுமென்றே விட்டுவிட்டார். யாராவது வெளியே இருந்தால்தானே உள்ளே இருப்பதற்கு மரியாதை.

மனு பதினொரு வருடம் தூங்கியது. முனிநஞ்சப்பா தூங்கவில்லை. சுற்றிலும் கம்பெனிகள் வந்தன. கம்பெனிப் பிள்ளைகளுக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. மழை பொய்த்த ஒரு கோடையில் பொக்லைனைக் கொண்டுவந்து கால்வாயை மூடினார். அதன் மேல் மூன்று மாடி விடுதி எழும்பியது. தண்ணீருக்கும் ஒரு வழி வேண்டுமே என்ற பெருந்தன்மையில், வீட்டுக்குக் கிழக்கே பொதுச் சந்தில் புதுக் கால்வாய் வெட்டிவிட்டார். அடுத்த மழையில் அது பால் கடை புட்டதாயம்மாவின் சமையலறைக்குள் புகுந்தது. கேட்கப் போனவளிடம், கங்கையே வீடு தேடி வந்திருக்கிறாள் என்றாராம்.

போன வருடம் ஆணை வந்தது. மனுவின் வாக்கியம் எழுத்துப் பிசகாமல் அதில் இருந்தது. தெரு முழுக்க மைசூர் பாகு கொடுத்தார். காவிரிக் குழாய் வரும், மனை விலை ஏறும், வார்டுத் தேர்தலில் நிற்கலாம். மறுவாரம் நில அளவைக்காரர் வந்து, கண்ணுக்குத் தெரிந்த கால்வாயின் ஓரமாக வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போனார். புட்டதாயம்மா மாநகரத்தில். முனிநஞ்சப்பா பஞ்சாயத்தில்.

கோடு தப்பு என்று ஆட்சேபம் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் விசாரணை. வந்த பெண் அதிகாரி பழைய வரைபடத்தை மேஜையில் விரித்தார்.

"இதுல கால்வாய் உங்க வீட்டுக்கு மேற்க இருக்கே. அங்க இப்ப என்ன இருக்கு?"

உண்மையைச் சொன்னால் வீடு நகரத்துக்குள் வரும். ஆனால் விடுதி இடிபடும். முனிநஞ்சப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு முறை போதாமல் இன்னொரு முறையும் துடைத்தார்.

"சொல்லுங்க கவுட்ரே," என்றாள் புட்டதாயம்மா. "கங்கையைக் கையைப் பிடிச்சு எங்க வீட்டு வரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டவரு நீங்கதானே?"

சிரிப்பு அடங்கும் வரை அதிகாரி காத்திருந்தார். பிறகு, கால்வாய் இடம் மாறியது நிஜமானால் கோட்டை மாற்றுவதாகவும், ஆக்கிரமிப்புப் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்புவதாகவும் சொன்னார்.

"வரைபடம்தான் தப்பு மேடம்," என்றார் முனிநஞ்சப்பா. "எங்க தாத்தா காலத்துலருந்து அது கிழக்கதான் ஓடுது."

"எழுதித் தருவீங்களா?"

எழுதித் தந்தார். ஆட்சேபித்தவரே ஆட்சேபத்தை மறுத்துவிட்டதால் கோப்பு மூடப்பட்டது.

எங்கள் வீடுகளுக்குக் குழாய் பதிக்கும் பள்ளம் அவர் வாசலுக்குப் பத்தடி முன்னால் நின்றது. கட்டிலைப் போட்டு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தவர், போகிற வருகிறவர்களிடமெல்லாம் இரக்கத்தோடு சொன்னார்:

"சிட்டியில மனுஷன் இருப்பானா? வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன். இவங்க கேட்டாத்தானே."