மொன்றியல் கலண்டரும் எட்டோஷா வாசலும்

றெபேக்காவுக்குப் பாலைவனம் மனப்பாடம். நமீபியாவில் எந்தச் செம்மணல் மேடு எவ்வளவு உயரம், எந்தத் தண்ணீர்க்குட்டையில் யானை இறங்கும், எந்த ஊரை விட்டால் பெற்றோலுக்கு அலைய வேண்டும் என்று நித்திரையிலும் சொல்லுவாள். மொன்றியலின் வில்லரே பகுதியில் டெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டிருக்கும் பயண முகவர் நிலையத்தில் பதினொரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. ஆனால் அங்கே அவள் ஒருநாளும் போனதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மொன்றியல். அதோடு அவளுடைய பயணம் முடிந்துவிட்டது.

போகவில்லை என்று யாரிடமும் சொல்லவும் மாட்டாள். யாராவது கேட்டால், "அங்கத்தைய காத்தே வேறை" என்பாள். அது எப்போதோ ஒரு வாடிக்கையாளர் சொன்னது.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் இருக்கும் வாடிக்கையாளர் சிவராசாவும் அவர் மனைவி சிவநேசமும் முப்பத்தைந்து வருடத்தில் விமானம் ஏறியதெல்லாம் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும்தான். மணலில் நடக்கும் யானையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது சிவநேசத்தின் ஆசை. சிவராசா வைத்தது ஒரேயொரு நிபந்தனை.

"ராகுகாலத்திலை கார் உருளக்கூடாது, பிள்ளை. மற்றதெல்லாம் உம்மடை விருப்பம்."

றெபேக்கா வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. ஆனால் சிவராசாவே கொண்டுவந்து கொழுவிவிட்ட கோயில் கலண்டர் சுவரில் தொங்கியது. அடியில் 'உபயம்: சிவராசா குடும்பம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு நாளுக்கும் புறப்படும் நேரத்தை எழுதினாள். யூலை மாத வெள்ளிக்கிழமை. மொன்றியலின் நீட்டுப் பகலுக்குக் கணித்தபடி பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை ராகுகாலம். ஆகவே ஸ்வாகோப்மண்ட் என்ற கடற்கரை ஊரிலிருந்து ஒன்று ஐந்துக்குப் புறப்பாடு. எட்டோஷா வனவிலங்குப் பூங்காவின் வாசலுக்கு ஆறேமுக்காலுக்குப் போய்ச் சேர்தல். 'இருட்ட முதல் போய்விடலாம்' என்று ஆறுதலுக்கு ஒரு வரியும் சேர்த்தாள்.

சிவராசாவும் சிவநேசமும் நமீபியாவில் இருந்த அந்த வெள்ளிக்கிழமை, மொன்றியலில் காலை ஒன்பது மணிக்கு பார்கவி வந்திருந்தாள். சென்னைப் பெண், கணினி நிறுவனமொன்றில் வேலை. நமீபியா போக ஆசை என்றதும் றெபேக்கா அதே அட்டவணையைப் பெருமையோடு எடுத்து நீட்டினாள்.

"அக்கா, ஜூலைல அங்க குளிர்காலம்தானே? சூரியன் எத்தனை மணிக்கு மறையும்?"

ஒன்பதுக்குக் கிட்ட என்று றெபேக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மொன்றியல் வெயில் காலையிலேயே கொளுத்திக்கொண்டிருந்தது. கணினியைத் தட்டிப் பார்த்தாள். ஆறு இருபது. சூரியன் மறைந்தால் பூங்கா வாசலும் மூடிவிடும்.

அந்த இருவரும் இப்போது வழியில் இருப்பார்கள். குளிர்ச்சட்டை கொண்டுபோங்கோ என்று சொன்னவளும் அவள்தான். குளிரை நினைத்த மண்டை வெயிலை நினைக்கவில்லையே! இங்கத்தைய நீட்டுப் பகலைக் கொண்டுபோய் அங்கே விரித்து, அதன்மேல் இரண்டு வயதானவர்களை ஏற்றி அனுப்பியிருக்கிறாள்.

அங்கே அப்போது மூன்று மணி. அவர்கள் கிளம்பி இரண்டு மணித்தியாலம். சிவராசாவின் போன் எடுபடவில்லை. பூங்கா விடுதிக்கு அடித்தாள். யார் வந்தாலும் இருட்டிய பிறகு வாசல் திறக்காது என்று மரியாதையாகச் சொன்னார்கள். இருட்டில் அந்த வீதிகளில் ஓடக்கூடாது, குடு மான்கள் காருக்குக் குறுக்கே பாயும் என்று ஒவ்வொரு அட்டவணையிலும் எழுதுவது அவள்தான். இப்போது அந்த வரியே அவளைப் பார்த்து முறைத்தது.

"அவுட்யோ!" என்று கத்தினாள். பூங்காவுக்கு முன்னால் வரும் கடைசி ஊர். 'கட்டாயம் பெற்றோல் அடிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள். எழுத்தில் இருந்தால் சிவராசா தட்டமாட்டார்.

அந்த ஊர்ப் பெற்றோல் நிலையத்துக்கு அடித்தாள்; ஒரு பெண் எடுத்தாள். வெள்ளைக் கார் என்றதும் சிரித்தாள். வாடகைக்கு எடுத்து வருவதெல்லாம் வெள்ளைதானாம். நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடு போட்ட கிழவர், பக்கத்தில் சேலையும் காலில் சப்பாத்துமாக மனைவி என்று றெபேக்கா சொன்னாள். வந்தால் மறிக்கிறேன் என்றாள் அந்தப் பெண்.

"நான் அந்த ஊர்ல ரூம் பாக்கறேன். நீங்க போனைப் பாத்துக்கங்கக்கா" என்றாள் பார்கவி.

அதற்குப் பிறகு றெபேக்கா பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பதினொன்று அடித்தது. பதினொன்றரை ஆயிற்று. அங்கே வெயில் சாய்ந்திருக்கும். டயர் வெடித்திருந்தால்? பெற்றோல் அடிக்காமல் போயிருந்தால்? தேத்தண்ணீர் கோப்பையில் ஆடை படிந்து கிடந்தது. அவள் மாதாவிடம் மன்றாடினாள். பிறகு, ஆருக்குத் தெரியும் என்று சுவர்க் கலண்டரில் இருந்த முருகனிடமும் சொல்லிவைத்தாள்.

பதினொன்று நாற்பதுக்குப் போன் அடித்தது.

"பிள்ளை! இங்கை ஒரு மனிசி காருக்கு முன்னாலை கையை விரிச்சுக்கொண்டு நிக்குது. என்ரை நெத்தியைக் காட்டிக் காட்டிச் சிரிக்குது. என்ன விசயம்?"

றெபேக்கா மூச்சுவிடாமல் சொன்னாள்: வாசல் மூடிவிடும், அந்த ஊரிலேயே தங்குங்கள், அறை பிடித்தாயிற்று.

"பாத்தீரே! நல்ல நேரத்திலை வெளிக்கிட்டபடியாத்தான் இப்பிடியொரு உதவி கிடைச்சது."

றெபேக்கா அதை அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"இல்லை அண்ணை. பிழை என்ரை. இங்கத்தைச் சூரியனைப் பாத்து உங்களுக்கு நேரம் எழுதிப்போட்டன். நான்... நான் ஒருக்காலும் அங்கை வந்ததில்லை அண்ணை."

 கடந்துபோன ஒரு லொறியின் சத்தத்துக்கு மேலாகச் சிவராசா கேட்டார்.

"அந்தக் கலண்டரைக் கொண்டுவந்து கொழுவினது ஆர்?"

"நீங்கள்தான்."

"பேந்தென்ன? காலமை பத்து மணிக்கே வெளிக்கிடுவம் எண்டு இவ சொல்லச் சொல்ல, ஒரு மணிவரைக்கும் கார்த் திறப்பைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தவன் நான்."

சிவநேசம் போனைப் பறித்தாள். "நாளைக்கு நான் சொல்லுற நேரம்தான் கார் உருளும். பிள்ளை, நீர் இங்கை வரேல்லை எண்டு எனக்கு முதலே தெரியும்."

"எப்பிடி அக்கா?"

"வந்து இறங்கின நாள்தொட்டு என்ரை சப்பாத்துக்குள்ளை மணல். எவ்வளவு தட்டினாலும் போகுதில்லை. வந்தாக்கள் அதைத்தான் முதல் சொல்லுவினம். நீர் அதைச் சொல்லேல்லையே."

போனை வைத்தபோது றெபேக்கா அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, பார்கவியின் அட்டவணையில் ஒன்று ஐந்தை வெட்டினாள்.

"இரும் தங்கச்சி. நான் அங்கை போனதில்லை. முதல் அதைச் சொல்லிப்போட்டுத் தொடங்குறன்."