கம்பம் தூக்கியவர்

அலுவலகங்களின் வாசலில் தானாக ஏறி இறங்கும் தடுப்புக் கம்பங்களைப் பழுது பார்ப்பதுதான் அவள் வேலை. காவலாளிகளுக்கு அவள் ‘கேட்டக்கா’. அவள் கணவரும் காவலாளியாக இருந்தவர்தான். பெரிய அலுவலக வளாகம் ஒன்றின் வாசலில் நாள் முழுக்கக் கம்பத்தைக் கையால் தூக்கி இறக்கி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சலாம் போட்டவர். அங்கே மோட்டார் வைத்த கம்பம் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைப் பொருத்தப் போனவர்களில் அவளும் ஒருத்தி.

“புருஷன் திறந்த கேட்டைப் பொண்டாட்டி மூடிட்டா” என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு வெளியே போவதையே குறைத்துக்கொண்டார்.

வேலை தேடாமல் இல்லை. போன இடத்திலெல்லாம் வயதைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு வேறெதுவும் கேட்கவில்லை. சமையலைத் தன் பொறுப்பாக்கிக்கொண்டார். உப்பு மறந்த நாட்களில் அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தாள்.

பெருமழை ஓய்ந்த ஒரு காலையில் அந்த வளாகத்திலிருந்தே அழைப்பு வந்தது. ஏறிய கம்பம் இறங்க மாட்டேன் என்கிறது. அவள் போய்ப் பெட்டியைத் திறந்தாள். மின்சாரம் வந்துகொண்டிருந்தது, மோட்டாரிலும் குறையில்லை. ஆனால் கீழே வண்டி நிற்பதாகச் சொல்லும் விளக்கு, ஆளரவமே இல்லாத வாசலில் அணையாமல் எரிந்தது. வண்டியை உணர்ந்து சொல்வது சாலைக்குள் புதைத்த கம்பிச்சுருள். அதன் முனைகளைக் கழற்றிவிட்டு, பையிலிருந்த சோதனைச் சுருளை மாட்டிப் பார்த்தாள். விளக்கு அணைந்தது, கம்பம் சமர்த்தாக இறங்கியது. ஆக, கோளாறு தரைக்குள். வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கிக் கம்பியை அரித்திருந்தது.

“புதுக் கம்பி போட்டுப் பூசணும் சார். பூச்சு காயற வரைக்கும் வண்டி நிக்கறது மோட்டாருக்குத் தெரியாது, அதைக் கழட்டிட்டு, வண்டிங்களை ஓரமா விட்டு, கம்பத்தைக் கையாலதான் தூக்கணும்” என்றாள் மேலாளரிடம்.

“அதுக்கு ஆளுக்கு எங்கம்மா போறது?”

மனசு யோசிக்குமுன் வாய் முந்திக்கொண்டது. “எங்க வீட்டுக்காரர் இருக்காரு சார்.”

அன்றே கம்பி மாற்றிப் பூசிவிட்டு, வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் தன் பழைய சீருடையைத் தானே தேய்த்தார். போட்டுப் பார்த்தபோது சட்டை தொளதொளவென்று தொங்கியது.

“காய எத்தனை நாளாகும்?”

“ரெண்டு நாள்.”

“மழை பேஞ்சா?”

“கூட ஆகும்.”

ஜன்னலுக்கு வெளியே வானத்தை அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு ஆசையை அவள் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

மறுநாள் பூச்சைப் பார்க்கப் போனவள், தெருமுனையிலேயே ஹார்ன் சத்தத்தைக் கேட்டாள். வண்டிகள் தெருவரை நின்றன. அவர் இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்து முக்கிக்கொண்டிருந்தார். வலது கை மார்புக்கு மேலே எழவில்லை. “பெரியவரே, உங்களால முடியலன்னா ஒதுங்குங்க” என்று யாரோ கத்தினார்கள்.

ஓடிப்போய் அவளே தூக்கினாள். கம்பம் இறகுபோல எழுந்தது. நம்ப முடியாமல், வண்டிகள் போனபின் பெட்டியைத் திறந்து, கம்பத்தின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தாள். விறைப்பாக, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

“ஸ்பிரிங் தளந்துடுச்சு சார்” என்றாள், சத்தம் கேட்டு வந்து நின்ற மேலாளரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி.

மேலாளர் அவரைப் பார்த்தார். “சரிம்மா, நீ முதல்ல இவரைக் கூட்டிட்டுப் போ.”

அவள் அவரை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டாள். போகும் வழியில் அவர், “ஸ்பிரிங் நல்லாத்தானே இருந்துச்சு?” என்று கேட்டார்.

“பேசாம வாங்க.”

“தோள் ரொம்ப நாளாவே இப்படித்தான். வீட்ல எதையும் தூக்க வேண்டியதில்ல, அதான் உனக்குத் தெரியல.”

சும்மா இருந்ததில் தோள் இறுகிப்போயிற்று, இனிப் பழையபடி வராது என்றார் மருத்துவர். பூச்சு காய்ந்தது. அவள்தான் போய் மோட்டாரை மறுபடி இணைத்துவிட்டு வந்தாள். வாசலில் வண்டிகள் நிற்காமல் போகின்றன.

இப்போது சட்டை மாட்டவும் அவருக்குக் கை எழுவதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவள் கையை நுழைத்துவிட்டு, பொத்தான் போட்டுவிடுகிறாள். அப்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.