எதிர்க்கடையில் ஃபோர் கே

கல்யாண வீடியோ கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றித் தருவது என் தொழில். எதிர்க்கடையைப் பார்த்து வயிறெரிவது உபதொழில். ஒரு காலத்தில் சின்ன காஞ்சிபுரத்துக் கல்யாணங்களை நான்தான் எடுப்பேன், சேகர் எனக்கு லைட் பிடிப்பான். இப்போது என் கடைக்கு நேர் எதிரே அதிதுல்லிய வீடியோவாம், 'ஃபோர் கே' என்று ஆளுயர எழுத்தில் பலகை வைத்திருக்கிறான். உங்களுக்கும் இப்படி ஓர் எதிர்க்கடை வாய்த்திருந்தால் என் கஷ்டம் புரியும்.

ஒரே பனி

நான் எடுத்த பழைய கல்யாணம் ஒன்றை அந்தத் தம்பதிக்கே ஏற்றிக் கொடுத்தேன். அந்தக் காலத்துச் சின்ன டிவிக்கான படம். அவர்கள் சுவரகல டிவியில் போட்டிருக்கிறார்கள். இருக்கிற நாலு புள்ளியை இழுத்து விரித்தால் முகம் உருகத்தானே செய்யும்? மறுநாள் அந்த அம்மாள் வந்து கேட்டார்: "ஏம்பா, எங்க கல்யாணம் சித்திரையிலதானே நடந்துச்சு? வீடியோவுல ஒரே பனியா இருக்குதே!"

விட்டுப்போன இழை

நெசவாளர் ஏகாம்பரம் மகளின் முகூர்த்தப் புடவையைத் தானே நெய்தார். வீடியோவுக்குச் சேகரைக் கூப்பிட்டார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஃபோர் கேயில் புடவைக் கரை கிட்டத்தில் வந்தபோது, ஜரிகையில் ஓர் இழை விட்டுப்போனது பளிச்சென்று தெரிந்துவிட்டது. சம்பந்தி வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்களாம். எனக்கு லட்டு சாப்பிட்ட மாதிரி இருந்தது.

சாயந்திரம் ஏகாம்பரமே என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். "உன்னையே கூப்பிட்டிருக்கணும்பா. உன் கேமராவுல புடவையே சரியாத் தெரியாது."

புதுப் பல்

பொறாமை முற்றி, பழைய படத்தை ஃபோர் கே ஆக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினேன். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து பத்மாவதி டீச்சர் ஒரு கேசட் கொண்டுவந்தார். டீச்சருக்கு மூன்று வயதாக இருந்தபோது இறந்துபோன அம்மா, அதில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பந்தி பரிமாறுகிறார். சின்ன வயதில் அதைத் தேயத் தேயப் பார்த்தாராம்.

அவர் கேட்காமலேயே ஃபோர் கே ஆக்கினேன். தோல் வழவழப்பானது, மங்கலாக இருந்த வாயில் வரிசையாகப் பல் முளைத்தது. 'பார்த்தியா சேகர்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போட்டுக் காட்டினேன். டீச்சர் கடைசிவரை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரொம்ப நல்லா இருக்குது சார். ஆனா இவங்க வேற யாரோ. எங்க அம்மாவ மங்கலாவே குடுத்துடுங்க."

ஏழு நொடி

போன மாதம் சேகரே படியேறி வந்தான், பூஞ்சை பிடித்த கேசட்டோடு. அவன் கல்யாணம், எடுத்தவன் நான். செத்துப்போன அவன் அப்பா வேறெந்த வீடியோவிலும் இல்லையாம். முடியாது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனாலும் இரண்டு நாள் உட்கார்ந்து நாடாவைத் துடைத்தேன். அப்பா அட்சதை போடுகிற ஏழு நொடி கிடைத்தது.

நான்கு தடவை போடச் சொன்னான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பல வருஷத்தில் முதல்முறையாக அவன்மேல் எனக்குப் பொறாமை வரவில்லை. ஐந்தாவது தடவை திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, அப்பா மேல ஃபோகஸ் கொஞ்சம் போயிருக்குது, பாத்தியா?"

ஃபோகஸ் போனதுகூடப் பரவாயில்லை, அது அவன் கண்ணில் பட்டதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.