அண்ணை கொண்டுவந்த தணல்

தடித்த கையுறை போட்ட இரு கைகளாலும் கரி அடுப்பைப் பிடித்தபடி அண்ணை எங்கள் வாசலில் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த எங்களுக்கு நல்ல அரிசி எங்கே கிடைக்கும் என்பதுமுதல் எல்லாம் சொல்லித் தந்தவர். மகள் பிறந்தபோது முதலில் பார்க்க வந்தவர்களும் அவரும், நாங்கள் அக்கா என்று அழைக்கும் அவர் மனைவியும்தான்.

அன்று பனிப்புயலில் மரம் விழுந்து மின்சாரம் போயிருந்தது. கூடவே ஹீட்டரும் நின்றுவிட்டது. வேலையாக டுசல்டோர்ஃப் போன கணவர் ரயில் ஓடாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். சில வாரக் குழந்தையை ஸ்வெட்டருக்குள் அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். கோடையில் பால்கனியில் இறைச்சி சுடும் அடுப்பில் கரியைக் கனிய வைத்து, புகை அடங்கிய பிறகு, அண்ணை கொண்டுவந்தார்.

"புகை இல்லைத் தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. பிள்ளைக்குக் குளிரக்கூடாது."

ஜன்னல் இடுக்குகளில் துண்டுகளையும் அவரே செருகிவிட்டுப் போனார். அந்தக் கணகணப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு தலை வலித்தது. தூக்கமில்லாததால் என்று நினைத்தேன். பால் குடித்துக்கொண்டிருந்த மகள் வாயை எடுத்துவிட்டுத் துவண்டாள். எழப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. தேநீரோடு வந்த அண்ணை, தட்டியும் திறக்காததால் நாங்கள் அவரிடம் கொடுத்துவைத்திருந்த சாவியால் திறந்திருக்கிறார். குழந்தையை வெளியே கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து என்னைப் படிக்கட்டுவரை இழுத்திருக்கிறார்.

மருத்துவமனையில் இருவரும் பிழைத்தோம். மூடிய அறையில் கரி கனன்றால் நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு சேரும் என்று மருத்துவர் விளக்கியபோது, அண்ணை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பியதும், "பாப்பாவத் தூக்கிக்கங்க அண்ணை" என்று நீட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏலாது தங்கச்சி. நான்தானே கொண்டந்து வச்சனான்."

"நீங்கதானே காப்பாத்துனீங்க?" என்று எத்தனையோ முறை சொன்னோம். "ஓம், ஓம்" என்பார், படியேறிப் போய்விடுவார்.

அதன்பின் தெரிந்தவர் வீட்டில் குழந்தை பிறந்தால், அந்த நச்சு வாயு சேர்ந்தால் அலறும் சிறு கருவி ஒன்றைத்தான் பரிசாகக் கொண்டுபோவார். ஞானஸ்நான விருந்தில் சுத்தியல் கேட்டு வாங்கி அவரே சுவரில் மாட்டுவதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். "கரி அடுப்பை மட்டும் உள்ளுக்கை கொண்டரப்பிடாது" என்று தாயிடம் தாழ்ந்த குரலில் சொல்வார். குழந்தை இருக்கும் பக்கம் திரும்பவே மாட்டார்.

சென்ற மாதம் மாரடைப்பில் போய்விட்டார். தேவாலயத்தில், இப்போது பள்ளிக்குப் போகும் என் மகள் பெட்டியருகே பூ வைத்துவிட்டு, "இந்த மாமா ஏம்மா என்னைத் தூக்கினதே இல்ல?" என்றாள்.

அக்கா அவளை அணைத்துக்கொண்டார்.

"ஒருக்காத் தூக்கினவரம்மா. அந்தப் புயலுக்குள்ளாலை, ஆம்புலன்ஸ் நிண்ட தெருமுனை வரைக்கும், சட்டைக்குள்ளை பொத்திக்கொண்டு, வெறுங்காலோடை."